டீச்சர் எழுதாத தாள்

கோமதி டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் வைட்டிலா பேருந்து நிலையத்தில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தேன். நினைவஞ்சலி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் காலையிலிருந்தே காரணமில்லாமல் மனம் கனத்துக் கிடந்ததாக எழுதுவார்கள். எனக்கு மனம் கனக்கவில்லை, வயிறுதான். எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தின்றேன். அப்போது கைபேசி அடித்தது. பேசியவர் மட்டாஞ்சேரி சந்தைப் பக்கம் சாயாக்கடை வைத்திருக்கும் முருகேசன்.

"சார், டீச்சர் போயிட்டாங்க."

அந்தப் பக்கம் யாரோ கண்ணாடித் தம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். இப்பவாவது உள்ளதச் சொல்லுங்க. அந்த நோட்டீச அவங்கதான எழுதினாங்க?"

"இல்ல முருகேசன். சத்தியமா இல்ல."

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க," என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

நம் தமிழ்ச் சங்கத்தின் மலரைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவர் கேட்டது எந்த நோட்டீஸ் என்று தெரியும். தெரியாதவர்களுக்காகவும், தப்பாகத் தெரிந்து வைத்திருப்பவர்களுக்காகவும் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். சுற்றி வளைப்பதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வணிகவியல் வாத்தியாராகப் பிழைத்து, நகைச்சுவை எழுத்தாளன் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டவன். என் கட்டுரைகளுக்கு இதுவரை சிரித்தவர்கள் அச்சுக் கோத்தவர்கள் மட்டும்தான், அதுவும் பிழைகளைப் பார்த்து.

டீச்சரும் நானும் ஒரே கல்லூரியில் இருந்தோம். அவர் ஆங்கிலத் துறை. கவிதையும் நாடகமும் அவருக்கு இரண்டாம்பட்சம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தெருக்களில் பறந்த துண்டுப் பிரசுரங்கள்தான் அவருடைய உயிர். நாலைந்து தாளை மடித்து, நூலால் தைத்து, அட்டைகூடப் போடாமல் கூவி விற்பார்களாம். ராணி எந்த மந்திரியை வைத்துக்கொள்ள வேண்டும், சண்டையை நிறுத்தலாமா, எந்தக் கட்சிக்காரன் கள்ளன், எவனுடைய கவிதை குப்பை என்று எல்லாவற்றுக்கும் ஒரு பிரசுரம் உண்டு. அடுத்த நாள் அதற்கு மறுப்பு வரும், பிறகு மறுப்புக்கு மறுப்பு வரும். காப்பிக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கட்சி பிரிந்து மேசையைக் குத்துவார்கள். எழுதியவர் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது. ஒரு துணிக்கடைக்காரர், ஒரு விதவை, ஒரு நாட்டுப்புறத்துப் பெரிய மனிதர் என்று ஏதாவது ஒரு வேஷத்தில் வருவார்.

"பேர் போட்டா ஜெயில், போடலைன்னா புகழ். ரெண்டுலயும் அச்சடிச்சவனுக்குத்தான் அடி," என்பார் டீச்சர். வகுப்பில் பிள்ளைகள் தூங்குவார்கள். ஆசிரியர் அறையில் நான் தூங்குவதில்லை. பேச்சு சுவாரசியத்தில் அவர் கை என் சாப்பாட்டு டப்பாவின் மாங்காய் ஊறுகாய்க்கு நீளும் என்பதால் விழித்திருக்க வேண்டியிருந்தது.

அப்படி ஒரு மதியம், என் ஊறுகாயைச் சப்பிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். "ஒரு பிரசுரம் நன்னா ஓடித்துன்னு வெச்சுக்கோ ராமு. அடுத்த வாரமே அதுக்கு ரெண்டாம் பாகம் வந்துடும். எழுதினது வேற எவனோ. அதே வேஷம், அதே நடை, ஆனா சொல்றது நேர் எதிர். முதல் பாகம் எழுதினவன் என்ன பண்ணுவான்? இது என்னோடது இல்லைன்னு சொல்லணும்னா, அது என்னோடதுன்னு ஒத்துக்கணும். ஒத்துண்டா போலீஸ் வந்துடும்."

"அப்போ என்னதான் பண்ணுவான் டீச்சர்?"

"என்ன பண்ணுவான்? பல்லைக் கடிச்சுண்டு காப்பி குடிப்பான்!" என்று சொல்லி, மூக்கில் காரம் ஏறும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கை அரித்தது போலிருக்கிறது. நம் சங்க மண்டபத்தின் பின்னால் மூடியில்லாமல் கிடந்த தண்ணீர்த் தொட்டியை யார் சொல்லியும் கமிட்டி மூடவில்லை. ஒரு காலையில் எல்லோர் வீட்டு வாசலிலும் ஒரு மஞ்சள் தாள் கிடந்தது. 'மட்டாஞ்சேரிக் கொசுக்களின் நன்றி அறிவிப்பு' என்று தலைப்பு. பிறக்க இடமும் குடிக்க இரத்தமும் தந்து காக்கும் சங்கத்துச் செயலாளருக்கு ஆயுள் நீடிக்க வேண்டும் என்று கொசுக்கள் உருக்கமாகப் பிரார்த்தித்திருந்தன. அடுத்த நாளே தொட்டிக்கு மூடி வந்துவிட்டது.

செயலாளர் சுப்பாமணி நேராக டீச்சர் வீட்டுக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

"டீச்சர், நேராக் கேக்கறேன். இது உங்க கைவரிசைதானே?"

டீச்சர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறியது. "நானா? எனக்குத் தமிழ்ல ஒரு வரி எழுத வருமோ? நான் வெறும் இங்கிலீஷாக்கும்."

சுப்பாமணியே சிரித்துவிட்டார். படியிறங்கும்போது என்னிடம் சொன்னார்: "இல்லைன்னு சொல்லிட்டா பாத்தீரா ஓய்? அப்போ அவதான்."

அன்றிலிருந்து அதுவே ஊர் வழக்கமாகிவிட்டது. மஞ்சள் தாள் வரும். யாராவது போய்க் கேட்பார்கள். டீச்சர் தலையை ஆட்டுவார், உதட்டோரம் ஏறும். அந்த மறுப்புதான் அவருடைய கையெழுத்து. மறுத்தால்தான் அசல் என்று நாம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துகொண்டோம். சேர்ந்து ரசிக்கவும் செய்தோம்.

அவருடைய தாள்களிலேயே பெரியது 'நாற்காலிகளின் விண்ணப்பம்'. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கட்டட வேலை செய்த ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அவருக்கு ஒரு இரங்கல் கூட்டம் வைக்க மண்டபத்தைக் கேட்டார்கள். உறுப்பினர் இல்லை என்று கமிட்டி கைவிரித்தது. மூடிய கதவுக்கு வெளியே, மழையில், சாலையோரத்தில் நின்றபடி கூட்டம் நடந்தது. அந்த வாரம் தாள் வந்தது.

'நாங்கள் மண்டபத்து நாற்காலிகள். எங்களை ஆண்டுவிழாவுக்குத் துடைக்கிறார்கள், பிறகு அடுக்கிவிடுகிறார்கள். நாற்காலியாகப் பிறந்தும் நின்றே சாக வேண்டும் என்பது எங்கள் விதியா? வெளியே கால் கடுக்க நிற்கிறவர்கள் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். எங்களையும் அவர்களையும் அறிமுகம் செய்து வைக்கக் கோருகிறோம்.'

தாள் வந்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை மண்டபம் திறந்தது. அன்று முதல் ஞாயிறுகள் சந்தைக்காரர்களுக்கும் கட்டட வேலைக்காரர்களுக்கும் ஆயின. முருகேசனின் மனைவி செல்வி அங்கே அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் அந்தப் பிள்ளைகளோடு, தமிழைப் பேச மட்டும் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகளும் வெட்கப்பட்டுக்கொண்டே போய் உட்கார்ந்தார்கள். டீச்சரின் வீடு மண்டபத்துக்கு அடுத்த சுவர். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். "என் காப்பிக்கடை திறந்தாச்சு ராமு," என்பார். மற்றபடி ஒன்றும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

செல்விக்கு நல்ல கணீர்க் குரல். ஒவ்வொரு மஞ்சள் தாளையும் சாயாக்கடையில் உரக்கப் படிப்பவர் அவர்தான். லண்டனில் நடந்தது எனக்குத் தெரியாது. மட்டாஞ்சேரியில் அதைக் கேட்டு ஆட்கள் சாயாவை ஆறவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு டீச்சரைப் பக்கவாதம் தாக்கியது. வலது கை போயிற்று. பேச்சு முழுவதும் போயிற்று. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இடது கையில் பென்சில் கொடுத்தால் கோடு மட்டும் வந்தது, எழுத்து வரவில்லை. சொல்வது எல்லாம் புரிந்தது. அதுதான் கொடுமை.

அவர் படுக்கையில் விழுந்து சில வாரங்களில் ஒரு மஞ்சள் தாள் வந்தது.

அன்று காலை நான் முருகேசன் கடையில் இருந்தேன். செல்வி அடுப்பைத் தணித்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "ஏய், சும்மா இருங்கப்பா! டீச்சர் எந்திரிச்சிட்டாங்க போல, நோட்டீசு வந்திருக்கு!" என்றார். கடையே கை தட்டியது. அவர் படித்தார்.

'நாற்காலிகளின் இரண்டாம் விண்ணப்பம். நாங்கள் அதே நாற்காலிகள்.'

எல்லோரும் சிரித்தார்கள்.

'முன்பு தெரியாமல் விண்ணப்பித்துவிட்டோம். இப்போது எங்கள் மேல் சிமெண்டும் மீன் வாடையும் ஏறிவிட்டன.'

இதற்கும் சிரித்தார்கள். டீச்சர் இப்படித்தான் ஆரம்பிப்பார், கடைசியில் குட்டு வேறு யாருக்கோ விழும் என்று காத்திருந்தார்கள். செல்வியும் அந்தத் திருப்பத்துக்குக் குரலைத் தயாராக வைத்துக்கொண்டு படித்தார்.

'வெற்றிலைக் கறை போகவில்லை. வந்தவர்கள் வந்த இடத்துக்குப் போகட்டும். தூசி படிந்து கிடந்த நாட்களே மேல். எங்களைத் துடைத்து, கதவைச் சாத்துங்கள்.'

திருப்பம் வரவில்லை. செல்வி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொத்தனார் ஒருவர் தன் சட்டைக் கையை மெதுவாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்திருப்பார்.

அந்த ஞாயிறு மண்டபம் திறந்திருந்தது. யாரும் வரவில்லை. எவரும் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சண்டை போட ஒரு ஆளாவது கிடைத்திருப்பார்.

முருகேசனும் செல்வியும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு டீச்சரைப் பார்க்க வந்தார்கள். நான் ஏற்கெனவே அங்கே இருந்தேன். முருகேசன் கட்டிலருகே குனிந்து கேட்டார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அது நீங்க எழுதினதா?"

டீச்சர் தலையை ஆட்டினார். இடமும் வலமுமாக, பலமாக, தலையணை நகர்ந்து போகும் அளவுக்கு ஆட்டினார். ஆனால் நோய் இழுத்த வாய் ஒரு ஓரத்தில் மேலே ஏறியிருந்தது. கொசுத் தாளின்போது சுப்பாமணி பார்த்த முகம், ஊர் முழுக்கப் பார்த்துப் பழகிய முகம், அப்படியே. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த உதட்டைக் கையால் பிடித்துக் கீழே இழுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"சிரிக்கிறாங்க," என்றார் செல்வி கணவரிடம், மிக மெதுவாக. ஆரஞ்சுப் பையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

படியில் வைத்துப் பிடித்தேன். "செல்வி, அவங்களுக்குக் கையே வராது. எப்படி எழுதுவாங்க?"

"முன்னாடியே எழுதி வச்சிருக்கலாம்ல சார்?"

"அப்படியே எழுதியிருந்தாலும் அது கிண்டலா இருக்கும். சொல்றதுக்கு நேர் எதிரா அர்த்தம் பண்ணிக்கணும். அந்தக் காலத்து லண்டன்ல..."

முருகேசன் என்னை நிறுத்தினார். "சார், ஒண்ணு சொல்லுங்க. அவங்க எழுதலியா, இல்ல எழுதி வெளயாடினாங்களா?" வக்கீல் தொழிலுக்குப் போகாமல் இருந்ததில் மட்டும் நான் நாட்டுக்கு நல்லது செய்திருக்கிறேன்.

இடக்கொச்சியில் அச்சகம் வைத்திருக்கும் ஜோஸிடம் போனேன். மஞ்சள் தாள் எல்லாம் அவர் இயந்திரத்தில் ஓடியவைதான். இரண்டாவதும் அங்கேதான் அச்சாகியிருந்தது.

"ஆரு கொண்டுவந்தது ஜோஸ்?"

"அறியில்ல சாரே. கவர் ஷட்டருக்கு அடியில கிடந்தது. எப்பவும் அப்படித்தானே வரும்?"

"பேரு கேக்க மாட்டீங்களா?"

ஜோஸுக்கு வருத்தமாகிவிட்டது. "டீச்சர்தானே சாரே என்னோட பறஞ்சது? ஆரு எழுதியதுன்னு அச்சடிக்கறவன் அறியக்கூடாது, அறிஞ்சா அடி உனக்குன்னு. நான் அந்த வாக்கை இதுவரை தெற்றிச்சிட்டில்ல, ஒரு தடவையும் மீறல்ல."

வேறு வழி தெரியாமல் நானே ஒரு தாள் அச்சடித்தேன். வெள்ளைத் தாள், கீழே என் முழுப்பெயர். இரண்டாம் விண்ணப்பம் டீச்சர் எழுதியது அல்ல, முதல் விண்ணப்பம் எழுதியவர் அதை எழுதியிருக்கவே முடியாது என்று என்னால் முடிந்தவரை நன்றாக எழுதினேன். மறுநாள் படகுத் துறையில் சுப்பாமணி என் முதுகில் தட்டினார்.

"டீச்சர் அசத்திட்டாளே ஓய்! இப்போ உம்ம வேஷமா?"

"நான்தான் சார் எழுதினேன். என் பேர் போட்டிருக்கே."

"விடும் ஓய். உமக்கு இத்தனை நன்னா எழுத வருமோ?"

என் எழுத்துக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதையும் நான் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

டீச்சர் இல்லையென்றால் வேறு யார் எழுதியிருப்பார் என்று உங்களில் சிலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். செயலாளரைச் சந்தேகித்தேன். அவர் அப்போது மகளைப் பார்க்க ஆலுவாவில் இருந்தார், தவிர அவருக்கு அவ்வளவு சிரத்தை கிடையாது. பிறகு பொருளாளரை, பிறகு என் பக்கத்து வீட்டுக்காரரை, பிறகு நல்ல நடையில் எழுதத் தெரிந்த ஒவ்வொருவரையும் சந்தேகித்தேன். அந்த வகையில் என்னைச் சந்தேகிக்க இடமில்லை என்று சுப்பாமணி ஏற்கெனவே சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டீச்சருடன் போய் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அவர் கண் ஜன்னல் பக்கம் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சேர்ந்து எழுத்துச் சொல்லும் சத்தம் வர வேண்டிய நேரம். மீன்வண்டிக்காரரின் மணியும் காக்கையும் கேட்கும். பிறகு அவர் என்னைப் பார்ப்பார். நான் வேடிக்கையாக எதையாவது சொல்லப் பார்ப்பேன், வராது. ஒரு நாள் அந்த ஊறுகாய் மதியத்தை நினைவுபடுத்தினேன். "ரெண்டாம் பாகம் வந்துட்டா முதலாமவன் என்ன பண்ணுவான்னு சொன்னேளே டீச்சர், ஞாபகம் இருக்கா?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு காப்பி குடிப்பதற்கும் அவருக்கு வழியில்லை. காப்பியை நாங்கள் கரண்டியில்தான் கொடுத்தோம்.

இரங்கல் கூட்டம் நம் மண்டபத்தில்தான் நடந்தது. நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். மேடையில் ஒவ்வொருவராகக் கொசுத் தாளைச் சொல்லிச் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள். யாரும் இரண்டாம் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசவில்லை. பெரிய மனசோடு அவரை மன்னித்துவிட்டீர்கள் என்று தெரிந்தது. செய்யாததற்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு போவதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரிந்து இல்லை.

முருகேசன் வந்திருந்தார். செல்வி வரவில்லை. முருகேசன் வாசற்படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். கடைசி வரிசையில் நாற்காலிகள் காலியாக இருந்தன. நான் எழுந்து போனேன்.

"உக்காருங்க முருகேசன்."

"இருக்கட்டும் சார். சட்டை அழுக்கு."

அன்றைக்கென்று தேய்த்து உடுத்தின வெள்ளைச் சட்டை. மடிப்புகூடக் கலையவில்லை.

இரண்டாம் விண்ணப்பத்தை எழுதியவருக்கு ஒரு வார்த்தை. இந்த மலரை நீங்களும் படிப்பீர்கள். உங்கள் பெயரை நான் கேட்கவில்லை, கேட்டால் டீச்சருக்கே பிடிக்காது. நடை உங்களுக்கு நன்றாகவே வருகிறது. மூன்றாம் விண்ணப்பம் ஒன்று எழுதுங்கள். இரண்டாவது வேறு கை என்று அந்த நாற்காலிகளே சொல்லட்டும், அது போதும். உறையை ஷட்டருக்கு அடியில் போட்டுவிடுங்கள், ஜோஸ் கேட்க மாட்டார். நான் சொல்லி யாரும் நம்பவில்லை. நீங்கள் பெயரில்லாமல் சொன்னால் நம்புவார்கள். அதைச் செல்வி உரக்கப் படிக்க வேண்டும்.

டீச்சரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், அந்தத் தலையசைப்புதான். எத்தனையோ தடவை அவர் பொய்யாக அசைத்ததை ஊரே நம்பாமல் ரசித்தது. ஒரே ஒரு தடவை உண்மையாக அசைத்தார். மற்றவர்கள் உதட்டைப் பார்த்தார்கள், தலையணை நகர்ந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானே மண்டபத்தைத் திறந்து, பிள்ளைகள் வருவார்களா என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறேன். பதினொன்றானதும் பூட்டிவிட்டு முருகேசன் கடையில் ஒரு சாயா குடிக்கிறேன்.